அப்பாவுக்கு மறுபடியும் ஆபரேஷன், அம்மா

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு எழுந்துவிடும் என் மஞ்சு அம்மாவுக்கு,

அப்பாவுக்கு மறுபடியும் ஆபரேஷன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரி, எடை குறைய வயிற்றில் செய்கிற ஆபரேஷன்தான். வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவாகி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் பை கூட கட்டி வைத்துவிட்டோம். இன்று மத்தியானம் அது தள்ளிப் போய்விட்டது. தள்ளிப் போனதற்குக் காரணம் நான்தான்.

அப்பா உள்ளே தூங்குகிறார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து, அதற்குள் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். எழுந்து வந்து பார்த்தாலும் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். நான் இப்போது ப்ளஸ் ஒன். நீ போகும்போது எட்டாவது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கோபித்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீயே முடிவு செய்துகொள்.

முதல் ஆபரேஷன் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்போது அப்பா நூற்று நாற்பத்திரண்டு கிலோ. பஸ் ஸ்டீயரிங் வயிற்றில் உரசி, காக்கிச் சட்டையில் எப்போதும் ஒரே பொத்தான்தான் தெறிக்கும். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் போலத் தைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் தொண்ணூற்று நாலுக்கு வந்தார். நீ அவருடைய பேண்ட்டுகளை இரண்டு தடவை தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்து வாங்கி வந்தாய். அதன் பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள்.

இப்போது அப்பா நூற்று இருபத்தெட்டு.

ஒரே நாளில் ஏறவில்லை. நீ போன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் போனால் நெஞ்சில் நின்றுவிடும். டீயில் நனைத்த பிஸ்கட் இறங்கியது. மிக்சர் இறங்கியது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டால், அடுத்த ஷிப்ட் வரை டிரைவர்கள் எல்லோரும் யார்டில்தான் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்கு மூன்று டீ, ஒரு பாக்கெட் மிக்சர். நான் கட்டிக்கொடுத்த டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். ஒன்றுமே சாப்பிடாத மனுஷருக்கு எடை எப்படி ஏறுகிறது என்று நான் ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.

புது டாக்டர் மேடம் இதைக் கேட்டுவிட்டு அப்பாவைத் திட்டவில்லை. "தப்பு செஞ்சவங்களுக்கு மட்டும்தான் எடை திரும்புதுன்னு இல்ல. அந்தக் குழாயும் நாளாக நாளாக விரியும், பசியும் திரும்பும். ஆனா நெஞ்செரிச்சல் இவ்ளோ இருக்கறதால இப்படியே விட முடியாது" என்றார். எரிச்சல் என்றால், படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்துவிடும். அதனால்தான் அப்பா மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். இந்தத் தடவை செய்யப்போவது பைபாஸாம். நான் இதயத்தில் என்று நினைத்து அழுதுவிட்டேன். அப்பா சிரித்தார்.

"ஹார்ட்டு இல்ல பாப்பா. நம்ம ஊர் பைபாஸ் மாதிரிதான். வண்டி ஊருக்குள்ள நொழையாம வெளியவே போயிடும்ல? சாப்பாடும் அப்படித்தான், வயித்துக்குள்ள நொழையாம நேரா கொடலுக்குப் போயிடும்."

டிரைவர் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்.

இனிமேல் சொல்வது உன்னைப் பற்றியது. கோபப்படாதே.

எடை குறைக்க ஆபரேஷன் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தது நீ. "சோத்தக் கொறைக்கத் துப்பில்லாம வயித்த அறுத்துக்கினான்னு உங்க அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியும்" என்றாய். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, வாலாஜாபாத் அத்தை. அதனால் அதை ஹெர்னியா என்று ஆக்கினாய். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். என்னை எதிரே உட்காரவைத்துப் பாடம் மாதிரி கேட்டாய்.

"அப்பாவுக்கு இன்னா?"

"ஹெர்னியா."

"எங்க?"

"தொப்புள்கிட்ட."

"அப்புறம் ஏன் எளச்சாரு?"

"பத்தியம்."

நான் ஒரு தடவை கூடத் தப்பாகச் சொல்லவில்லை. அத்தையே நம்பிவிட்டார். அப்பாவோடு அதே காண்ட்ராக்டரிடம் பஸ் ஓட்டுகிற தாஸ் மாமாவும் நம்பினார். "ஹெர்னியா ஆபரேஷன்ல அம்பது கிலோ எளச்சவன் தமிழ்நாட்டுலயே நீ ஒருத்தன்தான்யா" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். இப்போது அப்பாவுக்கு வயிறு திரும்ப வந்ததும், "இன்னாய்யா, ஹெர்னியா மறுபடி மொளச்சிக்கினு வந்துடுச்சா?" என்கிறார். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

உன்னுடைய மாத்திரை டப்பா ஞாபகம் இருக்கிறதா? அதில் உன் தைராய்டு மாத்திரை ஒன்றுதான் உனக்கு. மிச்சமெல்லாம் அப்பாவுடையது. இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின்கள். வயிற்றைக் குறைத்தவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து சத்து சரியாக ஏறாது, ஆயுசுக்கும் போட வேண்டும் என்று முதல் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஹெர்னியாக்காரருக்கு எதற்கு ஆயுசுக்கும் மாத்திரை என்று யாராவது கேட்டுவிட்டால்? அதனால் எல்லாமே உன் மருந்து என்பது போல உன் அலமாரியில், உன் புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய். அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை வீட்டைச் சுத்தம் செய்தார். உன் பாய், தலையணை, கடைசியாகப் போட்டிருந்த நைட்டி எல்லாம் ஒரு கோணிக்குள் போனது. பிறகு அலமாரியைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தார்.

"இம்மாம் மாத்திரையா முழுங்கிக்கினு இருந்தா இவ? யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலியே, பாவி மவ" என்று அழுதார். "போனவ மருந்து வூட்ல இருக்கக் கூடாது பவி கண்ணு. வூட்டுக்கு ஆவாது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அப்பாவுடையது என்று சொன்னால், எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். நீ சொல்லிக்கொடுத்த பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்பா வாசலில் ஐயருக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை டப்பாவைக் கோணிக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவிடம் அடுத்த வாரம் சொன்னேன். "வாங்கிக்கலாம் பாப்பா" என்றார். வாங்கவில்லை. தீபாவளி சமயத்தில் இன்னொரு தடவை கேட்டேன். "உங்கம்மா கையில குடுத்தாதான் எனக்கு ஞாபகமே வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை. பஸ் நிறுத்துகிற காலி மனையிலிருந்து நம் தெரு வரை அப்படியே நடந்து வந்திருக்கிறார். "இன்னாப்பா, ஒண்ண யாருக்குத் தானம் பண்ணீங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போய்த் தேடினால் செருப்பு பஸ் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது.

அடுத்த மாதம் வீட்டுத் தரையில் ரத்தம். திட்டுத் திட்டாக, குளியலறையிலிருந்து சமையலறை வரை. நான் அலறினேன். அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறார். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு. வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். அப்போது சிரிப்பு வரவில்லை.

"கால் மரத்துப் போச்சாப்பா?"

"சீட்லயே உக்காந்துகினு கீறேன்ல, அதான்."

"எவ்ளோ நாளா?"

சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவராகவே சொன்னார். பாதம் பஞ்சு மேல் வைத்தது போல இருக்கிறதாம். ஷூ போட்டால் பெடல் தெரியவில்லை என்று வெறுங்காலோடு ஓட்டுகிறாராம். ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், கால் பிரேக்கில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்து குனிந்து பார்த்தாராம்.

ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் குனிந்து தன் காலைப் பார்க்கிறார். உள்ளே நாற்பது அக்காக்கள் தூங்கி வழிந்துகொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். நீயும் கம்பெனி வேலைக்கு அப்படித்தானே போய்க்கொண்டிருந்தாய்?

டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சாவிய வாங்கிடுவாம்மா. இருபத்திரண்டு வருசமா எனக்கு வேற இன்னா தெரியும்? எடை கொறஞ்சா காலும் சரியாயிடும். அதுக்குத்தான ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்?" என்றார். அப்புறம் உன் படத்துக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "அம்மா மேல சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

செய்தேன். உன் படத்துக் கண்ணாடி மேல் கை வைத்து. குங்குமம் என் விரலில் ஒட்டிக்கொண்டது.

உயிரோடு இருக்கிறவர்கள் மேல் பொய்ச் சத்தியம் செய்தால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். செத்துப்போனவர்கள் மேல் செய்துவிட்டு மீறினால்? அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் யாரிடமும் கேட்க முடியவில்லை. உன்னிடம் கேட்கிறேன். உனக்கு அங்கே ஏதாவது ஆகுமா?

இன்று அப்பாவுக்கு வீக் ஆஃப். ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று மேடம் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தார். நானும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார்.

"விட்டமின் மாத்திரை எல்லாம் ரெகுலரா போடறீங்களா?"

"போட்டுக்கினுதான் கீறேன் மேடம்."

"கை கால் மரத்துப் போறது, எரிச்சல், நடக்கும்போது தடுமாற்றம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

மேடம் ஏதோ தட்டினார். அவ்வளவுதான். இரண்டு கேள்வி, இரண்டு பதில், முடிந்துவிட்டது. ஈசிஜி எடுக்க அப்பாவை நர்ஸ் கூட்டிக்கொண்டு போனார். ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேடம் அடுத்தவரைக் கூப்பிட மணியை எடுக்கப் போனார்.

அம்மா, அந்த நேரத்தில் எனக்கு அத்தை கோணிக்கு முடிச்சுப் போட்டதுதான் கண்ணில் வந்தது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

"மேடம், எங்கப்பா ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்தாரு" என்றேன்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா?" என்றார். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செருப்பு, கண்ணாடிச் சில்லு, பெடல், ஹெர்னியா, பதினாறாம் நாள் எல்லாவற்றையும் கலந்து கொட்டிவிட்டேன். அந்த மாத்திரைகளைத் தூக்கிப்போட்டபோது நான் சும்மா இருந்துவிட்டேன், என் தப்புதான் என்று அழுதேன்.

"யார் தப்புன்னு நான் கேக்கல. எவ்ளோ நாளா போடல, அத மட்டும் சொல்லு."

"மூணு வருஷம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா திரும்பி வரும்வரை எனக்கு விளக்கினார். பைபாஸ் செய்தால், சத்து ஏறுகிற இடத்தையே சாப்பாடு தாண்டிப் போய்விடும். ஏற்கெனவே சத்து இல்லாமல் நரம்பு கெட்டுப்போயிருக்கிறவருக்கு அதைச் செய்தால் கால் இன்னும் மோசமாகும். அப்புறம் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் திரும்பாமலே போகலாம். நல்ல வேளை என்றோ சபாஷ் என்றோ அவர் சொல்லவில்லை. எனக்கும் அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மேடம் அவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். "ஷூவையும் சாக்ஸையும் கழட்டுங்க. கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போது எந்த விரல்னு சொல்லணும்."

அப்பா கண்ணை மூடினார். மேடம் பஞ்சை எடுத்துப் பெருவிரலில் வைத்தார். அப்பா பேசவில்லை. மேடம் பஞ்சை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்போ?" என்றார்.

"சுண்டு விரல்" என்றார் அப்பா.

"இப்போ?" மேடத்தின் கை மடியிலேயே இருந்தது.

"நடு விரல் மேடம். நல்லா தெரியுது."

வரிசையாக எல்லா விரலையும் சொன்னார். யாருமே தொடவில்லை, அம்மா. வகுப்பில் வாய்ப்பாடு தெரியாத பையன் டீச்சர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான் இல்லையா, அப்படி. ஆனால் அப்பாவால் முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண்ணைத் திறந்ததும் முதலில் மேடத்தின் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தெரிந்துவிட்டது.

ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. ரத்தம் எடுத்தார்கள். முதல் ஊசியை இன்றே போட்டுவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, இங்கேயே போட்டுக்கொள்ளலாம். மாத்திரைகள் இனி எப்போதும். மூன்று மாதம் கழித்து நரம்பைப் பரிசோதித்துவிட்டுத்தான் தேதி. அதுவரை பஸ் ஓட்டக் கூடாது என்று மேடம் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். கால் முழுக்கச் சரியாகுமா என்று நான் கேட்டேன். "பாதியாவது திரும்பும்னு நெனைக்கறேன். உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூந்தமல்லி தாண்டியதும் கார்களை ஏற்றிக்கொண்டு பெரிய டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எப்படி வளைக்கிறான் பார் என்று சொல்லிக்கொண்டு வருவார். நம் ஊர் வந்து இறங்கும்போதுதான் பேசினார்.

"அம்மா மேல சத்தியம் பண்ணியே பாப்பா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்தார். நாளைக்கு ஏ ஷிப்ட். நாலு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். "போவாதீங்கப்பா" என்றேன்.

"மாத்து ஆள் இல்லாம திடீர்னு எப்படி நிக்கறது? இந்த வாரம் ஓட்டிட்டு சனிக்கெழமை சொல்லிக்கிறேன்."

"டாக்டர் இன்னிக்கே நிறுத்தச் சொன்னாங்க."

"ஒரு ஊசி போட்டாச்சுல்ல? போய்ப் படு."

எட்டு மணிக்கெல்லாம் தூங்கப் போய்விட்டார். நான் மொட்டை மாடிக்குப் போய் தாஸ் மாமாவுக்குப் போன் செய்தேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை, அம்மா. காலையில் ஆரம்பித்து இதோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். கால் மரத்தது, சத்தியம், முதல் ஆபரேஷன், எல்லாம். மாமா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ அது ஹெர்னியா இல்லியா?" என்றார்.

"இல்ல மாமா."

"அடப்பாவி! எங்க மச்சான ஹெர்னியா ஆபரேஷன் பண்ணிக்கடா, அம்பது கிலோ எளச்சிடலாம்னு ஆசை காட்டி அனுப்பி வெச்சேனேம்மா! அவன் ரெண்டு கிலோ ஏறிகினு வந்து என்னோட பேசறதே இல்ல!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமாவும் சிரித்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது. "பெடல் தெரியாமயா இத்தினி நாளா ஓட்டிக்கினு கீறான்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" என்றார். கோபமா அழுகையா தெரியவில்லை.

நாளைக்கு மாமாவுக்கு ஜெனரல் ஷிப்ட், விடிந்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். அப்பா வண்டியின் ஏ ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட முடியும். நாலு மணிக்கு முன்னால் பைக்கில் நம் வீட்டுக்கே வந்து சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். உங்கப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடுறேன், ஒரு வாரம் ஓட்டிடலாம்" என்றார்.

"வேணாம் மாமா. இன்னொரு ஹெர்னியா வேணாம்."

"சரிம்மா. உள்ளத சொல்றேன். யார்டுல வண்டி வர போற டைம் எழுதற வேலை ஒண்ணு காலியாவப் போவுது. கேட்டுப் பாக்கறேன். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், கேக்கறேன்."

இதுதான் நிலைமை. அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மூன்றரைக்கு அலாரம் அடிக்கும். எழுந்து முகம் கழுவி, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் தாஸ் மாமா நின்றுகொண்டிருப்பார். அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுப்பாரா? மாமாவைத் தள்ளிவிட்டுப் போவாரா? என்னோடு இனிமேல் பேசாமலே இருந்துவிடுவாரா? யார்டில் அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஏன் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்லிக்கொடுத்தாய்? அத்தை திட்டினால் திட்டியிருக்கட்டுமே. ஒரு வாரம் பேசிவிட்டு விட்டிருப்பார். நீ அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாய். எனக்குப் புரிகிறது. அப்பா இத்தனை வருடம் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததும் உனக்காகத்தானோ என்னவோ. அதைக் கேட்க உன்னைத் தவிர யாரும் இல்லை, நீயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போய் அத்தையிடம் நானே சொல்லப் போகிறேன். மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தால், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெரியவர் வேண்டும். தூக்கிப்போட்டது யாருடைய மாத்திரை என்று மட்டும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். இது பொய் இல்லையே? நீயே சொல்.

மணி ஒன்றேகால். இனி படுத்தால் எழ முடியாது. அலாரம் அடிக்கும்போது நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். அப்பா கத்தினால் கத்தட்டும், அறைக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட மாட்டேன். சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் மேல் சத்தியம் செய்ததற்கு மட்டும் கேட்பேன். அவரும் அதைக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாது என்றும் சொல்வேன். அப்புறம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பிஸ்கட் இல்லாமல், எதிரே உட்கார்ந்துகொள்வேன். நாளை மறுநாள் இரண்டாவது ஊசி. பள்ளிக்குப் போகும் முன் நானே கூட்டிக்கொண்டு போவேன். அதற்கு அடுத்ததுக்கும், எல்லாவற்றுக்கும்.

இதைச் சத்தியமாகச் சொல்லவில்லை, அம்மா. இனி யார் மேலும் சத்தியம் செய்வதாக இல்லை. செய்வேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான். நம்பு.

உன் மேல் வைத்த சத்தியத்தை இன்று மீறிவிட்ட,
உன் ஒரே மகள்
பவி